வயிறு வளர்ந்தால் தொப்புள் ஏன் வெளியே வருகிறது?

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில், அரசாங்க கிளினிக்கின் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார் ஒரு கர்ப்பிணி. மிஸி (தாதி) அளவு நாடாவின் ஒரு முனையை அடிவயிற்று எலும்பின் மேல் வைத்து, மறுமுனையைக் கருப்பையின் உச்சிவரை இழுக்கிறார். 28 வாரம் என்றால் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். அளவு அவருடைய கர்ப்பகாலப் பதிவேடான இளஞ்சிவப்புப் புத்தகத்தில் ஏறுகிறது.

நாடா தொப்புளைத் தாண்டும்போதுதான் கேள்வி எழுகிறது: குழிந்திருந்த தொப்புள் எப்படி மொட்டுப் போல் துருத்தியது?

தொப்புள் என்பது பிறந்தபோது கொடி அறுந்த இடத்துத் தழும்பு. அதன் அடியில் தசை கிடையாது. நார்த்திசு வளையம் மட்டுமே. சுமார் 20-ஆவது வாரத்தில் கருப்பையின் உச்சி தொப்புள் மட்டத்தை எட்டுகிறது. பிறகு உள்ளிருந்து அழுத்தம் கூடுகிறது, வயிற்றின் இரு நேர்த்தசைகளும் நடுவில் விலகுகின்றன, தோல் இழுபடுகிறது. பலம் குறைந்த அந்த இடம் முதலில் தட்டையாகி, பலருக்கு வெளியே தள்ளுகிறது. சிலருக்குத் துருத்துவதே இல்லை. இரண்டும் இயல்புதான்.

தொப்புளை அழுத்தினால் குழந்தையின் கொடி நசுங்குமோ என்ற பயம் வேண்டாம். அந்தக் கொடி நஞ்சுடன் (பிளசென்டா) இணைந்தது. தாயின் தொப்புளோடு அதற்குத் தொடர்பில்லை.

துணி உரசி எரிந்தால் மென்மையான பருத்தி உடை போதும். ஆனால் வீக்கம் இறுகி, நிறம் மாறி, வலியோ வாந்தியோ வந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் தொப்புள் உள்ளே திரும்பிவிடும். சற்றே தளர்ந்த வடிவத்தோடு.