வீட்டிலிருந்தே கடல் கடந்த தொழில்

அம்பாறை மாவட்டத்தில் இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனை, நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். அங்கே கணினிக் கல்வியை முடித்த பிள்ளையின் முன்னே இதுகாறும் மூன்று பாதைகளே தெரிந்தன: அரசாங்க உத்தியோகத்துக்குக் காத்திருத்தல், கொழும்புக்குச் செல்லுதல், அன்றேல் வளைகுடா நாடொன்றுக்கு விமானம் ஏறுதல். மென்பொருள் எழுதத் தெரிந்தவருக்கு நான்காவது பாதை ஒன்றும் உண்டு. உழைப்பை மட்டும் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தாம் வீட்டிலேயே இருப்பதுதான் அது. வெளியூரில் தங்க வீட்டார் இணங்காத பெண்பிள்ளைகளுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய இணையத் தொழிற்சந்தைகளுள் ஒன்று தோன்றிய வரலாறு சுவையானது. ஒடிசியாஸ் சாட்டலோஸ், ஸ்ட்ராட்டிஸ் கரமன்லாக்கிஸ் என்போர் கிரேக்க நண்பர்கள். ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் தாய்நாட்டிலும் இருந்தனர். பிரிந்திருந்தும் சேர்ந்து தொழில் செய்ய விரும்பிய அவர்கள், தொலைவிலிருப்பவர் செய்யும் வேலையைக் கண்ணால் காண வழி தேடினர். அதிலிருந்து பிறந்ததே 2003இல் தொடங்கிய ஓடெஸ்க் நிறுவனம். ஈலான்ஸ் என்னும் மற்றொரு நிறுவனத்துடன் அது இணைவதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் அப்வேர்க் என்று பெயர் மாறியது. ஐந்து டொலர் வேலைகளை வைத்துப் பெயர் பெற்ற பைவர் 2010இல் தோன்றியது.

நெல்லை ஆலைக்கு ஏற்றி அனுப்பிவிட்டுக் காசுக்காக நடையாய் நடந்த விவசாயிக்கு இச்சந்தையின் முதல் அச்சம் புதிதன்று. முகம் அறியாத அந்நியர் பணம் தருவாரா? அப்வேர்க்கில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மொத்த விலை பேசிய வேலையானால், வேலை தருபவர் பணத்தை முன்கூட்டியே சந்தையிடம் ஒப்படைக்கவேண்டும். வேலையை ஒப்புவித்த பின் அவர் 14 நாட்கள் வாளாவிருந்தால் பணம் தானே விடுவிக்கப்படும். மணிக்கணக்கில் கூலி பேசினாலோ, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினித் திரை படம்பிடிக்கப்படும். சிலருக்கு இது மானக்குறைவாகத் தோன்றலாம். ஆயினும் அவர்தம் கூலிக்குக் காவலும் அப்படங்களே.

காவல் இருக்குமிடத்தில் தரகும் இருக்கும். பைவர் நூற்றுக்கு 20 கழித்துக்கொள்கிறது. அப்வேர்க் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலைக்கு ஏற்ப 15 வீதம் வரை அறவிடுகிறது. “தரகு எதற்கு? வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம்” என்று எவரேனும் ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுக. வெளியே போன கணத்திலேயே அந்தக் காவல் அற்றுப்போகும். வேலை தருவதற்கு முன் ‘பிணைப் பணம்’ கேட்பவர் கள்ளரே.

முதல் வேலை கிடைப்பதுதான் மலையேற்றம். பழைய வாடிக்கையாளரின் நற்சான்று இல்லாதவரை எவரும் நாடார். வேலை செய்யாதவருக்கோ நற்சான்று கிடையாது! இதைக் கடக்க, செய்து முடித்த பொருளைக் காட்டுவதே வழி. ஓர் அரிசி ஆலைக்குக் கணக்குப் பதிவு, ஒரு பள்ளிவாசலுக்குச் சந்தாப் பதிவேடு என்று ஊருக்குப் பயன்படும் மென்பொருள் இரண்டு மூன்றைச் சீராக எழுதி, கிட்ஹப் போன்ற பொதுவிடத்தில் வைக்கலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். அப்வேர்க்கில் விண்ணப்பிப்பதற்கே கட்டணம் உண்டு. கேட்டவரின் தேவையை நன்கு வாசித்து, அதை எவ்வாறு செய்வீர் என்று நாலு வரியில் தெளிவான ஆங்கிலத்தில் எழுதுக. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர், பட்டம் கைக்கு வரும்வரை காத்திராமல் இப்பயிற்சியைத் தொடங்கலாம்.

நேரமும் ஒரு சங்கதி. கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 7.30. வாடிக்கையாளர் பேசத் தொடங்கும் வேளையில் ஊர் உறங்க ஆயத்தமாகும்.

இதில் எல்லாம் தேன் என்று நான் சொல்லமாட்டேன். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், ஒரு சிறு பக்கம் அமைத்தல், ஒரு பிழை திருத்தல் போன்ற எளிய வேலைகளை வாடிக்கையாளர் பலர் தாமே முடித்துக்கொள்ளலாயினர். புதியவர் ஏறிவந்த முதற்படி அதுவே. ஆகவே, ஒரு துறையையேனும் ஆழக் கற்றவரே நிலைப்பர். மாதச் சம்பளக்காரருக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறார். இத்தொழிலில் அந்த முதலாளி இல்லை. மாப்பிள்ளை என்ன உத்தியோகம் என்று கேட்கும் பெண் வீட்டார் தயங்குவதிலும் ஓரளவு நியாயம் உண்டு. நல்ல மாதத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குவது அவரவர் பொறுப்பு.

வரியையும் மறத்தலாகாது. ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்டு, வெளிநாட்டுச் சேவையால் ஈட்டி வங்கி வழியாக நாட்டுக்குக் கொண்டுவரும் அந்நியச் செலாவணி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வீதம் 15. சந்தை தரும் பற்றுச்சீட்டுகளையும் வங்கிக் கூற்றுகளையும் முதல் மாதத்திலிருந்தே கோவையிட்டு வைத்தல் நன்று.