இளவேனிலும் இரு நூல்களும்

நூல்கள் இரு வகைப்படும். ஒன்று, தாளில் அச்சிடப்பெற்றுப் பேழையில் அடுக்கி வைக்கப்பெறுவது. மற்றொன்று, வானும் மண்ணும் மரமும் புள்ளுமாக நம் வீட்டு வாயிலுக்கு வெளியே விரிந்து கிடப்பது. முன்னதை எழுத்தறிந்தோர் படிப்பர். பின்னதைக் கண்ணுடையோர் யாவரும் படிக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கக் குழந்தைக்கு முதன்முதலில் கற்றுத் தருபவர் யார்? பள்ளி ஆசிரியர் எழுத்தாணி பிடிக்கும் முன்பே அப்பணியைத் தொடங்குபவர் பெற்றோரே என்பதில் ஐயமில்லை.

1928 ஆம் ஆண்டின் கோடையில் சவாகர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார். பத்து வயதுடைய அவர் மகள் இந்திரா முசௌரி மலையில் தங்கியிருந்தார். அருகிருந்து பேச இயலாத தந்தை, தாம் கற்றவற்றையெல்லாம் கடிதங்களாக எழுதி மகளுக்கு அனுப்பினார். வரலாறும் அறிவியலும் பல நூல்களில் பயின்றிருந்த அவர், மகளின் கையில் ஒரு பெரும் புத்தகத்தைத் திணிக்கவில்லை. கற்களும் மலைகளுமே உலகின் பழங்கதையைக் கூறும் ஏடுகள் என்று தொடங்கினார். உருண்டு வழவழப்பான ஒரு கூழாங்கல், ஒரு காலத்தில் கூரிய விளிம்புடைய பாறைத் துண்டாக இருந்தது. நீரோட்டம் அதனை உருட்டி உருட்டித் தேய்த்தது. இதனை அறிந்த குழந்தை, ஆற்றங்கரையில் கிடக்கும் கல்லையும் இனி வெறுங்கல்லாகக் காணாதன்றோ? அக்கடிதங்கள் 1929 இல் நூலாக வெளிவந்தன.

நம் செட்டிநாட்டிலும் படிப்பையே வாழ்வாகக் கொண்ட பெரியோர் பலர் இருந்தனர். மேலைச்சிவபுரியில் 1917 இல் பிறந்த வ. சுப. மாணிக்கனார் அவர்களுள் ஒருவர். இளமையிலேயே அவர் பெற்றோரை இழந்தார். சிறு வயதிலேயே பர்மா நாட்டிற்குச் சென்று ஒரு கடையில் வேலை பார்த்தார். முதலாளி கடையில் இருக்கும்போதே, 'இல்லை' என்று சொல்லுமாறு பணிக்கப்பட்டபோது, பொய் சொல்ல மறுத்தார். தாயகம் திரும்பிய பின், பண்டிதமணி கதிரேசனாரின் துணையால் தமிழ் பயின்றார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். பழந்தமிழ் அகப்பாடல்களை ஆராய்ந்து அவர் எழுதிய 'தமிழ்க்காதல்' 1962 இல் வெளிவந்தது. தம் மக்களுக்கு அவர் இட்ட பெயர்களும் தமிழ் இலக்கியத்திலிருந்து எடுத்தவையே. தந்தை படித்த நூல், மக்களின் பெயராகவே வீட்டில் ஒலித்தது.

இனி, இவ்விரு நூல்களும் ஒன்றுசேரும் காலத்தைக் காண்போம். தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். காரைக்குடியை அடுத்த மானகிரியைச் சுற்றிலும் செம்மண் நிலம். பங்குனி கழிந்தால் கண்மாயில் நீர் வற்றும். வண்டல் பாளம் பாளமாக வெடிக்கும். குன்றக்குடிப் பங்குனி உத்திரத்திற்கு நடந்து சென்றவர் காலில் படிந்த செம்புழுதி போகுமுன்பே கோடை விடுமுறை வந்துவிடும். உச்சிவேளையில் வெளியே செல்ல ஒண்ணாது. ஆயினும் கதிரவன் ஏறுமுன் புறப்பட்டால், ஒரு குடும்பம் கண்மாய்க்கரை வழியே ஒரு நாழிகை நேரம் இனிதாக நடக்கலாம். அந்நேரத்தில் குயில் கூவும்; கரையிலுள்ள மரங்கள் பூத்து நிற்கும்.

முதலில் வேப்ப மரத்தைப் பாருங்கள். இலை முதிர்ந்து உதிர்ந்த கிளைகளில் செந்தளிர் தோன்றி, சிறு வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக மலர்கின்றன. சித்திரை முதல் நாளில் நம் இல்லங்களில் அப்பூவைப் பச்சடியில் இடுகிறோம். குறுந்தொகையில் பரணர் பாடிய செய்யுளொன்றில், தலைவனைப் பிரிந்த தலைவி, வேம்பின் புதுப்பூக்காலம் அவன் வாராமலே கழிந்துவிடுமோ என்று ஏங்குகிறாள். சுவரில் தொங்கும் நாட்காட்டி இல்லாத காலத்தில் வேம்பே நாளைக் காட்டிற்று. கடல் கடந்து பொருள் ஈட்டச் சென்றவருக்காகப் பல்லாண்டு காத்திருந்த செட்டிநாட்டுத் தாய்மார்க்கு அத்தலைவியின் துயர் அயலாருடைய துயராகத் தோன்றியிராது.

அடுத்துப் புங்க மரம். பழந்தமிழில் இதன் பெயர் புன்கு. இளவேனிலில் இம்மரத்தின் சிறு பூக்கள் உதிர்ந்து நிலத்தை மூடுகின்றன. கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகைச் செய்யுளில், வெண்மணலில் உதிர்ந்த புன்கம்பூ, வெறியாடும் களத்தில் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிடப்படுகிறது. வகுப்பறையில் இவ்வுவமையை உரையோடு மனப்பாடம் செய்த மாணவன், மரத்தடியில் குனிந்து ஒரு கைப்பிடிப் பூவை அள்ளும்போதுதான் அதன் பொருத்தத்தை உணர்கிறான். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அரசனொருவன் கண்ட காட்சியைத் தானும் காண்கிறான்.

'எங்கள் பெற்றோர் எழுத்தறியாதவர். அவர்கள் எங்ஙனம் இதைக் கற்பிப்பர்?' என்று சிலர் வினவலாம். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் ஒன்றை எண்ணுங்கள். புன்கு என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் காணும் மாணவன், அம்மரத்தை அறியாமல் இருக்கக்கூடும். அகராதியையே காணாத அவன் தாயோ, 'இதோ, புங்கமரம்! இதன் விதையில் எண்ணெய் எடுப்பார்கள்' என்று நொடியில் காட்டுவாள். அவளிடம் மரம் இருக்கிறது. மகனிடம் செய்யுள் இருக்கிறது. மகன் செய்யுளைப் படித்துக் காட்ட, தாய் மரத்தைக் காட்டினால் இருவரும் முழுமை பெறுவர். பிள்ளையே பெற்றோருக்குப் படித்துக் காட்டுவது பெற்றோருக்கு இழுக்கன்று. அஃது இருவருக்கும் பெருமையே.

இவ்விரு நூல்களுக்கும் அழிவு உண்டு. தாள் நூலைக் கறையான் அரிக்கும். படித்தவர் மறைந்தபின் அவர் சேர்த்த ஏடுகள் எடைக்கு விற்கப்படுவதும் உண்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் என ஏறத்தாழ ஓர் இலட்சத்தைத் தேடித் தொகுத்தார். 1992 இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பு சிதறாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு காக்கப்பட்டது. 1994 இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் தோன்றிற்று. மாணிக்கனாரும் தம் நூல்கள் அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேருமாறு செய்தார். தாள் நூலுக்கு இங்ஙனம் காவலர் கிடைத்தனர். கண்மாய்க்கரைப் புங்கை வெட்டப்படின் அதற்கு மறுபதிப்பு இல்லை. புதுக்கன்று நட்டுப் பல ஆண்டு காத்திருத்தலே வழி. மரம் மறைந்தால், செய்யுளிலுள்ள உவமையும் வருங்காலத்தார்க்கு வெறுஞ்சொல்லாகிவிடும்.

ஆதலின் மாணவர்களே, வரும் இளவேனிலில் ஒருநாள் விடியலில் உங்கள் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஊர்க்கண்மாய்க்குச் செல்லுங்கள். கையில் ஒரு நூல் இருக்கட்டும். அவர்கள் இளமையில் படித்ததையோ, கேட்டதையோ, கண்டதையோ வினவுங்கள். நீங்கள் படித்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவ்வொரு நாள் உங்கள் நினைவில் நெடுங்காலம் நிற்கும். பின்னொரு நாள் உங்கள் மக்களுக்கு நீங்கள் காட்டுவதற்கும் அது பயன்படும்.