நாட்பட்ட தலையிடிக்கு ஊசி மருந்து

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலையிடி. அவற்றுள் 8 நாட்களாவது ஒற்றைத் தலையிடி. இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதனை நாட்பட்ட ஒற்றைத் தலையிடி என்கின்றனர் வைத்தியர்கள். பெண்களையே இது அதிகம் வாட்டுகிறது. "சும்மா தலையிடிதானே" என்று பனடோல் விழுங்கிச் சமாளிக்கும் தாய்மார் ஒன்றை அறிய வேண்டும். மாதத்தில் 15 நாட்கள் வலி நிவாரணி எடுத்தால், அதுவே தலையிடியை வளர்க்கக்கூடும்.

முகச் சுருக்கம் நீக்கும் பொட்டொக்ஸ் ஊசியே இதற்கும் மருந்தாகியிருப்பது வியப்புத்தான். 2010இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இதனை அங்கீகரித்தன. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என 31 இடங்களில் மெல்லிய ஊசியால் 155 அலகு மருந்து ஏற்றப்படும். 12 கிழமைக்கு ஒரு முறை. நரம்பு நுனிகளிலிருந்து வலியைக் கடத்தும் பொருட்கள் வெளியேறுவதை அது தடுக்கிறது. முதல் தடவையிலேயே குணமில்லை என்று கைவிடலாகாது. சிலருக்குக் கழுத்து வலி, இமைச் சரிவு ஏற்படலாம். கர்ப்பிணிகள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2018இல் வந்த எரெனுமாப் மாதமொரு முறை தோலின் கீழ் தாமே ஏற்றிக்கொள்வது. விலைதான் எட்டாக்கனி!

பட்டினி தலையிடியைக் கிளப்புவதால் றமழானில் பலர் தவிக்கின்றனர். ஊசியால் நோன்பு முறியுமா? போஷாக்கு அளிக்காத ஊசி நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்தது. அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் ஷஃபானிலேயே பொட்டொக்ஸ் ஏற்றிக்கொண்டால், அடுத்த ஊசி வருமுன் பெருநாளும் வந்துவிடும்.