பக்கத்து ஊர்ப் பரம்பொருள்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் ஒரு குளம். தாமரை, மீன், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். அப்படியொரு விதானத்தை ஒருவரே தீட்டினால் மாதக்கணக்கில் ஆகும். கட்டம் கட்டிப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் இவர் கட்டத்தில் கிளம்பும் தாமரைத்தண்டு பக்கத்துக் கட்டத்துக்குள் போகிறதே! இருவரும் பேசிக்கொண்டேதான் தீட்ட வேண்டும். பேச்சு தாமதப்பட்டால் தூரிகை சும்மா நிற்கும்.

சூப்பர் கம்ப்யூட்டரின் சூட்சுமமும் இதுதான். ஆயிரக்கணக்கான செயலிகள் கணக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அவற்றை இணைக்கும் வலை வேகமாக இல்லையென்றால் எல்லாம் வீண்.

எண்பதுகளில் இந்தியா கேட்ட 'கிரே' சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்தது. நாமே செய்துகொள்வோம் என்று 1988இல் புனேயில் சி-டாக் என்ற அரசு ஆய்வு மையம் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் சிறு சிறு செயலிகளைக் கோத்து 1991இல் 'பரம் 8000' இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள்.

அந்த வரிசையில் வந்த ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கிறது. 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பெயர் 'பரம் பொருள்'. சேர்த்துப் படித்தால் கடவுள்! உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். இவ்வளவு வேலை செய்தால் செயலி கொதிக்கும். மின்விசிறிக் காற்று போதாது. அதனால் செயலியின் முதுகை ஒட்டியே குளிர்திரவம் ஓடிச் சூட்டை வாரிக்கொண்டு போகிறது.

சரி, உலகத் தரவரிசையில் இது எங்கே? ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும், 'டாப் 500' பட்டியல் வருகிறது. தேர்வு ஒன்றே ஒன்றுதான்: லின்பேக். பள்ளியில் x, y கண்டுபிடித்தோமே, அதே ஒருங்கமைச் சமன்பாடுகள். தெரியாதவை மட்டும் லட்சக்கணக்கில். சி-டாக்கின் 'பரம் பத்மா' 2003 ஜூனில் 171ஆம் இடம். 'பரம் யுவா 2' 2013 ஜூனில் 69. பத்தாண்டு கழித்து, 2023 ஜூனில், சி-டாக்கில் நிறுவிய 'ஐராவத்' 75. சறுக்கல் என்றா நினைக்கிறீர்கள்? யுவா 2 லின்பேக்கில் எடுத்தது சுமார் 387 டெராஃபிளாப்ஸ், ஐராவத் 8,500. இருபது மடங்குக்கும் மேல் வேகம் கூடியும் ஆறு இடம் இறக்கம். மற்றவர்கள் நம்மைவிட வேகமாக ஓடினார்கள், அவ்வளவுதான். தரவரிசை இயந்திரத்தின் திறனைச் சொல்வதைவிட, அடுத்தவர் செலவைத்தான் அதிகம் சொல்கிறது என்பேன்.

பரம் பொருள் தொடங்கிய அடுத்த மாதமே வெளியான பட்டியலில் கடைசி இயந்திரத்துக்கே சுமார் 1,650 டெராஃபிளாப்ஸ் இருந்தது. எனவே அங்கே பரம்பொருளைத் தேடாதீர்கள். அது இருப்பது தஞ்சாவூர் சாலையில், துவாக்குடிப் பக்கம்.