ஒற்றைக் கை நீதித்தெய்வமும் அவன் திருச்சபையும்



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு விளையாட்டுக்காக உண்டாக்கப்பட்ட தெய்வத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். அவன் பெயர் டீர். நீதிக்குரிய தெய்வம். கோயில், பூசாரி, சடங்கு, ஆயுதம் தாங்கிய வீரர் அணி என்று அவனுக்கு ஒரு முழுத் திருச்சபையே உண்டு. அந்த விளையாட்டு உலகத்துக்கு வெளியே அவனைக் கும்பிடுகிறவர் எவருமில்லை. எனவே தயக்கமின்றிப் பேசலாம், யார் மனமும் புண்படாது. நீதியை யார் வழங்குவது, யார் பெறுவது, யார் வாய்மூடி நிற்பது என்று ஒரு சமூகம் உள்ளுக்குள் என்ன நினைக்கிறதோ அதை அதன் கற்பனை மறைக்காமல் காட்டிவிடும். அதனால்தான் இந்தப் பொருள்.

பிறந்த கதை

1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம் அது. அந்த ஆட்டம் நடக்கும் உலகங்களில் புகழ்பெற்றது 'ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்'. கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறுவயது முதலே கற்பனை செய்துவந்த உலகம் இது. 1987இல் ஆட்டத்துக்கான தொகுதியாக அச்சேறியது. 'பால்டர்ஸ் கேட்' என்ற கணினி விளையாட்டு வழியாக நம் மாணவர்களில் பலர் அதை அறிந்திருப்பார்கள்.

டீர் இந்த உலகத்துக்கு இரவல் வந்தவன். பழைய ஸ்காண்டிநேவியப் புராணத்தில் அதே பெயரில் ஒரு தெய்வம் உண்டு. ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமைக்குப் பெயர் தந்தவன் அவன்தான். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி எழுதிவைத்த கதை இது: ஃபென்ரிர் என்ற ஓநாய்க்குட்டி தெய்வங்களின் இடத்தில் வளர்கிறது. பின்னாளில் அதனால் அழிவு வரும் என்று குறி சொல்லப்படுகிறது. விளையாட்டுக்குக் கட்டிப்பார்க்கிறோம், உன்னால் அறுக்க முடியாவிட்டால் அவிழ்த்துவிடுகிறோம் என்று தெய்வங்கள் வாக்குக் கொடுக்கின்றன. ஓநாய் நம்பவில்லை, ஒருவர் என் வாயில் கையை வையுங்கள் என்று பிணை கேட்கிறது. டீர் மட்டும் வலக்கையை வைக்கிறான். கட்டு இறுகுகிறது, வாக்கு மீறப்படுகிறது, கை போகிறது.

இதை வழக்கமாக டீரின் வீரக் கதையாகச் சொல்வார்கள். கட்டப்பட்டவன் பக்கமிருந்து கேட்டால் வேறு கதை. நடக்காத குற்றத்துக்காக, குறியை மட்டும் நம்பி, பொய் வாக்குக் கொடுத்து ஒருவனைக் கட்டிப்போட்டார்கள். தடுப்புக்காவல் என்று நாம் இன்று சொல்வதன் புராண வடிவம் இது. நீதியின் பெயரால் அறியப்பட்ட தெய்வத்தின் கை அந்தப் பொய்க்கான பிணைத்தொகை.

வடநாட்டு மக்களின் வழக்குமன்றத்துக்குத் 'திங்' என்று பெயர். டீரை அந்த மன்றத்தோடு இணைத்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு. சுதந்திரமான மனிதர் கூடித் தீர்ப்புச் சொன்ன இடம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சமூகத்தில் அடிமைகளும் இருந்தார்கள். மன்றத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை.

திருச்சபை நடக்கும் விதம்

ஃபர்காட்டன் ரியல்ம்ஸ் உலகத்தில் டீர் கையிழந்தவன் மட்டுமல்ல, கண்ணிழந்தவனும்கூட. இங்கே கையைக் கவ்வியது கெஸெஃப் என்ற வேட்டைநாய். போர்ச்சுத்தியலின் மேல் சமநிலையில் நிற்கும் தராசு அவன் சின்னம். எடைபோடுவதும் அடிப்பதும் ஒரே கருவியில் இருக்கின்றன.

பூசாரிகள் சடங்கு நேரத்தில் ஒரு கையில் வெள்ளை உறையும் மறு கையில் கறுப்பு உறையும் அணிவார்கள். கறுப்பு, தெய்வம் இழந்த கையின் நினைவு. கை போனதையும் கண் போனதையும் நினைக்கத் தனித்தனிச் சடங்குகள் உண்டு. சபை மேல்கீழ் அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பவர் சொல்லுக்குக் கீழே இருப்பவர் கட்டுப்பட வேண்டும்.

இந்தச் சபையின் விதிகளில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பூசாரி தான் சொன்ன தீர்ப்புகளையும் செய்த செயல்களையும் எழுதிவைக்க வேண்டும். பிறகு பிழை தெரிந்தால் திருத்திக்கொள்ள அது உதவும். இரண்டாவது, ஊர்களில் அவர்கள் சட்டம் தெரிந்தவர்களாக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச வேண்டும். அவர் தம் சபையைச் சேர்ந்தவரா என்று பார்க்கக்கூடாது. மூன்றாவது, அநீதியானது என்று காட்டப்பட்ட சட்டத்தை அவர்கள் நடைமுறைப்படுத்தக்கூடாது. ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் இவ்வளவு இருக்கிறது என்பதே நமக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அதே சபைக்கு இன்னொரு முகமும் உண்டு. சட்டம் எட்டாத காட்டுப் பகுதிகளில் பூசாரியே விசாரித்து, பூசாரியே தீர்ப்பளித்து, பூசாரியே தண்டனையையும் நிறைவேற்றலாம். மூன்று அதிகாரங்களும் ஒரே கையில். ஒரு சட்டம் அநீதியானது என்று யாரிடம் காட்டுவது? அந்த ஒற்றைக் கையிடமேதான்.

கட்டிய கைகளின் தெய்வம்

டீர் தனித்து நிற்பதில்லை. கடமைக்குரிய டார்ம், துன்பம் தாங்குவதற்குரிய இல்மேட்டர் ஆகிய இருவரோடு சேர்ந்து மும்மூர்த்தியாக அறியப்படுகிறான். இல்மேட்டரின் சின்னம் மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றால் கட்டப்பட்ட இரண்டு வெள்ளைக் கைகள். அவனுடைய அடியார்கள் நோயாளிக்கு மருந்திடுவார்கள், பிறர் வலியைத் தாம் ஏற்பார்கள், பொறுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பங்கீட்டைப் பாருங்கள், தோழர்களே. துன்பப்படுகிறவனுக்கு ஒரு தெய்வம், தீர்ப்புச் சொல்கிறவனுக்கு இன்னொரு தெய்வம். துன்பத்தின் தெய்வத்துக்குக் கைகள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் கட்டப்பட்டிருக்கின்றன. தராசு அவன் கையில் இல்லை. பாதிக்கப்பட்டவர் பொறுமையாக இருக்கட்டும், நீதியை வேறொருவர் கொண்டுவந்து தருவார் என்ற எண்ணம் இந்த அமைப்பின் அடியில் கிடக்கிறது. வன்கொடுமை நடந்த ஊரில் அமைதிக் கூட்டம் போடும் அதிகாரிகள் நம்மிடம் சொல்வதும் இதுதானே?

ஃபென்திக்கின் தூக்கு

2002இல் வெளிவந்த 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற கணினி விளையாட்டு, தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சபையின் பலவீனத்தைக் கதையாக்கியிருக்கிறது. நெவர்விண்டர் நகரத்தில் கொள்ளைநோய். டீரின் கோயில் அங்கே நீதிமண்டபமாக இருக்கிறது. டீரின் வீராங்கனை அரிபெத் நகரைக் காக்க உழைக்கிறாள். அவளை மணக்கவிருக்கும் ஃபென்திக் டீரின் பூசாரி. வேறொரு தெய்வத்தின் பூசாரியாக வேடமிட்டு வந்த டெஸ்தரை ஃபென்திக் கள்ளமின்றி நம்புகிறான். துரோகம் வெளிப்பட்டதும் ஊர் கொதிக்கிறது. ஏமாந்தவன் என்பதைத் தவிர ஃபென்திக் மேல் குற்றமில்லை. ஆனால் மக்களின் கோபத்துக்கு ஒரு கழுத்து வேண்டியிருந்தது. நகரத்தலைவன் அவனையும் தூக்கிலிடுகிறான்.

நீதிமண்டபம் அங்கேயே இருந்தது. எவர் குற்றம் சாட்டப்பட்டாலும் அவருக்காகப் பேச வேண்டும் என்று விதி வைத்திருந்த சபை, தன் பூசாரியையே காப்பாற்றவில்லை. அரிபெத் நம்பிக்கை இழந்து பகைவர் படைக்குத் தலைமை ஏற்கிறாள். கதை அவளை வீழ்ச்சியடைந்தவள் என்கிறது. வீழ்ந்தது முதலில் எது என்று நாம் கேட்க வேண்டும்.

தெய்வத்தின் நிலையும் அதே. 2008இல் வந்த பதிப்பின் கதைப்படி, சூழ்ச்சியால் பரவிய பொய்யை நம்பி டீர் தன் நண்பனான ஹெல்ம் என்ற காவல்தெய்வத்தைப் போரில் கொல்கிறான். பிறகு தானும் போரில் சாகிறான். அடுத்த பதிப்பில் மறுபடி உயிரோடு வருகிறான். கண் தெரியாத நீதி யார் பேச்சைக் கேட்கிறதோ அவர் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

சிலையும் சட்டமும்

நம் நாட்டு நீதிமன்றங்களுக்கும் உருவங்கள் உண்டு. உச்ச நீதிமன்ற நூலகத்தில் வைக்கப்பட்ட நீதிதேவதைச் சிலைக்குக் கண்கட்டு இல்லை. வாள் இருந்த கையில் அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுவின் சிலையும் நிற்கிறது. அது நிறுவப்பட்டது 1989இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1989இல்தான். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் எரிக்கப்பட்ட நூலின் ஆசிரியருக்கு, அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்ற வாசலில் பீடம்.

1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அண்ணல் இரண்டு எச்சரிக்கைகள் விடுத்தார். எவ்வளவு நல்ல அரசமைப்பானாலும் அதை நடத்துகிறவர்கள் கெட்டவர்களானால் அதுவும் கெட்டதாகவே முடியும் என்பது ஒன்று. மதத்தில் பக்தி விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் அது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழி என்பது மற்றொன்று. டீரின் திருச்சபைக்கு இரண்டும் பொருந்தும். நமக்கும் பொருந்தும். நீதிமன்றத்தை நாம் பயன்படுத்த வேண்டும், கும்பிடக்கூடாது.

எப்படிப் பயன்படுத்துவது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையைச் செய்யத் தவறும் அரசு ஊழியரையே தண்டிக்க வழி செய்கிறது. 2016 முதல் நடைமுறையில் உள்ள 15அ பிரிவின்படி, பிணை விசாரணை உட்பட வழக்கின் நடவடிக்கைகள் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பிணை, விடுவிப்பு, தண்டனை என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவர் சொல்வதை நீதிமன்றம் கேட்க வேண்டும். வழக்கு நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவாக வேண்டும். கட்டிய கைகளை அவிழ்க்கும் பிரிவு இது. துன்பப்பட்டவர் பொறுத்திருக்க வேண்டியவர் என்ற பழைய பங்கீட்டை மாற்றி, அவரையே மன்றத்தில் பேச வைக்கிறது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இந்த இரண்டு பிரிவுகளின் தமிழ்ப் படியை எடுத்துச்செல்லுங்கள். வழக்கு நடக்கும் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். பிணை மனு வந்ததை அவர்களுக்குச் சொன்னார்களா என்று கேளுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுதிவையுங்கள். டீரின் பூசாரிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழக்கம் அது ஒன்றுதான்.

ஜெய் பீம்.