மதிப்பெண் எங்கே போனது?

1960களில் அமெரிக்காவில் செவிலியர் படிப்பை முடித்த பெண், உரிமத் தேர்வுக்கென்று இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். பென்சிலும் தாளும்தான். மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து பாடங்கள். ஐந்துக்கும் தனித்தனி மதிப்பெண். சராசரி 500 என்று வைத்துக் கணக்கிட்ட அளவுகோலில், பெரும்பாலான மாநிலங்கள் பாடத்துக்கு 350 இருந்தால் தேர்ச்சி என்றன. முடிவு தபாலில் வரும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து எண்களும் அவரைப் பின்தொடர்ந்து வந்தன. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே உரிமம் கேட்டால், பழைய மாநிலத்து வாரியம் நிரப்பி அனுப்பும் சான்றுப் படிவத்தில் ஐந்து பாடங்களுக்கும் கட்டம் இருக்கும். பிரசவ வார்டிலேயே இருபது வருடம் நின்றவராக இருந்தாலும், இளவயதில் எடுத்த மகப்பேறு மதிப்பெண்ணை எழுத்தர் ஒருவர் பழைய பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதியாக வேண்டும். எண் ஊரறியப் போகவில்லை. ஆனால் அழியவும் இல்லை.

இன்று அதே உரிமத்துக்கு என்க்ளெக்ஸ் தேர்வு. 1982இல் ஐந்து பாடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள். 1980களின் இறுதியில் அந்த ஒற்றை எண்ணையும் எடுத்துவிட்டு, தேர்ச்சியா தோல்வியா என்பதை மட்டும் சொன்னார்கள். 1994 ஏப்ரலில் தாள் போய்க் கணினி வந்தது. விடை சரியென்றால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறென்றால் எளிதாகும். இவர் கோட்டுக்கு மேலே இருக்கிறார் அல்லது கீழே இருக்கிறார் என்று 95 விழுக்காடு உறுதி கிடைத்ததும் பெரும்பாலும் அத்தோடு தேர்வு நின்றுவிடும். அன்று 75 முதல் 265 கேள்விகள் வரை. 2023 ஏப்ரலிலிருந்து 85 முதல் 150 வரை. கட்டணம் கட்டினால் இரண்டு நாளில் முடிவு தெரியும். சென்னையில் இருந்தபடியே இங்குள்ள செவிலியரும் எழுதுகிறார்கள்.

உரிமத் தேர்வு மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த இயந்திரத்தின் போக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கெட்டிக்காரருக்குக் கடினமான கேள்வி, தடுமாறுபவருக்கு எளிய கேள்வி என்று அது பார்த்துப் பார்த்துக் கொடுப்பதால், இருவருக்குமே ஏறக்குறைய பாதிதான் சரியாக வரும். கோட்டைத் தாண்டினாரா என்று கண்டுபிடிக்கச் செய்த தேர்வு இது. எவ்வளவு உயரம் தாண்டினார் என்று நின்று அளப்பதில்லை. வெளியிட அதில் மதிப்பெண் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நோயாளிக்கு வேண்டியது வேறு: உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது. அதை நர்சிஸ் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இது வந்தது நல்லது.

போனதும் உண்டு. மனநலப் பாடத்தில் 360, அறுவையில் 610 என்று பார்த்த அந்தக் காலத்துப் பெண்ணுக்குத் தன் குறை எங்கே என்று தெரிந்தது. இன்று தேறியவருக்கு எதுவும் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் நெருங்கினார், எதில் கீழே இருந்தார் என்ற அறிக்கை தோற்றவருக்குத்தான் போகிறது! மதிப்பெண்ணை மறைத்தால் ஒப்பீடு நின்றுவிடுமா என்றால், அதுவும் இல்லை. "எனக்கு 85லேயே நின்றுவிட்டது" என்பதுதான் இப்போதைய பெருமை. தேர்ச்சிக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பவருக்கும் 85இல் நிற்கலாம் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

பிலிப்பைன்ஸில் கதையே வேறு. அங்கே செவிலியருக்கு முதல் வாரியத் தேர்வு 1920இல் நடந்தது. 93 பேர் எழுதினார்கள், 68 பேர் தேறினார்கள். முதலிடம் பெற்ற அன்னா டால்கிரனின் 93.5 விழுக்காடு இன்றும் செவிலியர் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. இப்போது எழுதுவோர் ஆயிரக்கணக்கில். ஐந்து தாள், 500 கேள்வி. சராசரி 75, எதிலும் 60க்குக் குறையக் கூடாது. தேறியவர்கள் பெயர் வரிசையாக வெளியாகும். முதல் பத்து இடக்காரர்களுக்கு மட்டும் கல்லூரிப் பெயரும் விழுக்காடும் சேர்ந்து வரும். அவர்களை 'டாப்நாட்சர்' என்பார்கள். கல்லூரி வாசலில் படம் போட்ட பதாகை தொங்கும். 2017இல் பிளஸ் டூ ரேங்க் பட்டியலை நிறுத்தும் வரை நம் ஊர்ப் பள்ளிகள் வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

டாப்நாட்சர்களின் பெயரை வைத்துத்தான் அங்கே பயிற்சி நிலையங்கள் ஆள் பிடிக்கின்றன. 2006 ஜூன் தேர்வில் கேள்விகள் கசிந்தபோது கைகாட்டப்பட்டவையும் அப்படிப்பட்ட நிலையங்கள்தான். அந்த முறை தேறியவர்கள் 17,000க்கும் மேல். மூன்றாம், ஐந்தாம் தாள்களை மறுபடி எழுதாவிட்டால் விசாவுக்கான சான்று கிடையாது என்று 2007இல் அமெரிக்கத் தரப்பு சொல்லிவிட்டது. கசிந்த கேள்வியைப் பார்க்காதவர்களும் சேர்ந்து அனுபவித்தார்கள்.

அமெரிக்காவில் எண் ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அன்று செவிலியரின் கோப்பில் இருந்தது. இன்று கல்லூரியின் பெயருக்கு எதிரே இருக்கிறது. முதல் முயற்சியில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பல மாநில வாரியங்கள் கல்லூரிவாரியாக வெளியிடுகின்றன. கலிபோர்னியாவில் 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அங்கீகாரத்துக்கே கேள்வி வரும், டெக்சாஸில் 80. நியாயமான ஏற்பாடுதான். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கச் சேருகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆனால் இந்த எண்ணைக் காக்கக் கல்லூரிகள் ஒரு வழி கண்டன. கடைசிப் பருவத்தில் தனியார் மாதிரித் தேர்வு ஒன்றை வைத்து, அதில் குறைந்தவர்களைப் பட்டம் வாங்க விடாமல் நிறுத்தி வைத்தன. எழுதப் போகாதவர் தோற்க முடியாதல்லவா? நாடு முழுக்கப் பார்த்தாலும் இந்த விழுக்காட்டில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்று சொல்வது எளிதல்ல: முதல் முயற்சியில் தேறிய அமெரிக்கப் படிப்பாளர்கள் 2022இல் ஏறத்தாழ 80 விழுக்காடு, 2024இல் 91. இடையில் தேர்வு வடிவம் மாறியது, கொரோனாக் காலத்தில் வார்டுக்கே போகாமல் படித்தவர்களின் அணியும் கடந்து போனது.

தனி ஆளின் மதிப்பெண் அவரோடும் வாரியத்தோடும் இருக்கட்டும். கல்லூரியின் எண்ணை வெளியிடட்டும், ஆனால் முழுதாக. கலிபோர்னியா வாரியத்தின் அட்டவணையில் எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை விழுக்காடு என்று ஆண்டுவாரியாக இருக்கிறது. படிக்கச் சேர்ந்தவர் எத்தனை பேர் என்பது அந்த வரியில் இல்லை. அதை வேறு அறிக்கையில் தேட வேண்டும்.