மலைப் பாதையில் நின்றுபோகும் ஜீப்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் சாமை மூட்டைகளை ஏற்றிவரச் செல்லும் பழைய ஜீப், கோடை வெயிலில் நடுவழியே நின்றுவிடுவதுண்டு. உடனே கார்புரேட்டரைக் கழற்ற முனைதல் தவறு. பெரும்பாலும் குற்றம் வெப்பத்தினுடையதே. எஞ்சின் சூட்டினால் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிட, பம்பு அதனை இழுக்க மாட்டாமற் போகிறது.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, எஞ்சினை நன்கு ஆறவிடுக. பின்னர் பம்பின்மீது ஈரத்துணி சுற்றினால் பெரும்பாலும் வண்டி கிளம்பும். கிளம்பாவிடில் மின்பொறியைச் சோதிக்க வேண்டும். 1953இல் வெளிவந்த சி.ஜே. 3பி வகையில் டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டுகளின் இடைவெளி 0.020 அங்குலம், பிளக்கில் 0.030 அங்குலம்.

ஆனால் பிரேக் மிதி தளர்ந்திருப்பின் சொந்தக் கைவேலை கூடாது. மெக்கானிக் வரும்வரை மலையிறங்காதீர்கள். மூட்டை ஒரு நாள் தாமதிக்கலாம். போன உயிர் மீளாது.